அடுத்த ஆண்டுப் பயணத்தை இந்த மாதமே தொடங்குங்கள்: ஒரு வழிகாட்டி

செக்-இன் கவுன்ட்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், கணினித் திரையைப் பார்த்தார், மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். அப்புறம் எழுந்து உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டி வந்தார். அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. என் பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் ஐந்து மாதம் பதினோரு நாள் இருந்தது. நாங்கள் போகவிருந்த நாட்டுக்கு ஆறு மாதம் வேண்டும். மனைவியும் மகளும் பெட்டிகளோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் கெஞ்சிப் பார்த்துவிட்டு மூவரும் வீடு திரும்பினோம். டிக்கெட் பணத்தில் பெரும்பகுதி போனது. ஹோட்டல் பணம் முழுதாகப் போனது. மூன்றே வாரத்தில் அடித்துப் பிடித்துப் போட்ட திட்டம் அது.

அதற்குப் பிறகு போன மூன்று பெரிய பயணங்களையும் பத்து, பதினோரு மாதம் முன்பே தொடங்கினேன். இன்னொரு முறை அந்தக் கவுன்ட்டரில் நிற்கக் கூடாது என்ற பயம்தான் காரணம். ஆனால் அந்தப் பத்து மாதமும் இவ்வளவு சுகமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நெதர்லாந்தில் ஜெரோன் நாவைன் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1,530 பேரைக் கேட்டு 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விடுமுறைப் பயணம் போகிறவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தது கிளம்புவதற்கு முன்புதான். திரும்பி வந்த பிறகு, மிகமிக ஓய்வாகப் போய் வந்தவர்களைத் தவிர, போனவருக்கும் போகாதவருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அந்த 'முன்பு' நீள நீள லாபம் என்பது என் கணக்கு. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

இனி படிப்படியாகப் பார்ப்போம். வெளிநாட்டுப் பயணத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். உள்நாட்டுப் பயணம் என்றால் 2, 6 ஆகிய படிகளை விட்டுவிடலாம்.

1. மாதத்தை முதலில் பிடியுங்கள், ஊர் அப்புறம்

எல்லோரும் "எங்கே போகலாம்?" என்றுதான் தொடங்குவார்கள். ஊர் முடிவாகி, ஆசையும் வளர்ந்தபின், நமக்கு லீவு கிடைக்கும் மாதத்தில் அங்கே கொட்டும் மழை என்று தெரியவரும். அதனால் வீட்டில் எல்லோருக்கும் ஒத்துவரும் இரண்டு மாதங்களை முதலில் எழுதுங்கள். பிறகு அந்த மாதங்களில் எந்த ஊர் நன்றாக இருக்கும் என்று தேடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல பண்டிகைகளும் விடுமுறைகளும் ஆண்டுக்கு ஆண்டு நகரும். ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் விழும். ரமலான் மாதம் ஒவ்வோர் ஆண்டும் பத்து, பதினோரு நாள் முன்னால் வரும். சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். ஜப்பானில் ஏப்ரல் இறுதி முதல் மே முதல் வாரம் வரை தொடர் விடுமுறை, ரயிலில் இடம் கிடைப்பதே கஷ்டம். போன வருடம் போய்வந்தவர் சொன்ன தேதியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நீங்கள் போகும் ஆண்டின் நாட்காட்டியைத் திறந்து பாருங்கள். சில இடங்கள் ஒரு மாதம் முழுக்கவே மூடியிருக்கும். பெருவில் உள்ள இன்கா மலைப்பாதை பிப்ரவரியில் திறக்காது. மற்ற மாதங்களிலும் வழிகாட்டிகள், சுமை தூக்குபவர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி.

தேதி முடிவானதும் அலுவலகத்தில் விடுப்பைக் கேட்டு வாங்குங்கள், அதுவும் எழுத்தில். "அதெல்லாம் பார்த்துக்கலாம், போயிட்டு வாங்க" என்று வாயால் சொன்ன மேலாளர் பத்து மாதம் கழித்து அதே நாற்காலியில் இருப்பார் என்று எந்த உறுதியும் இல்லை. ஒரு வரி மின்னஞ்சல் போதும்.

2. பாஸ்போர்ட்டை இன்றைக்கே பீரோவில் இருந்து எடுங்கள்

நாளைக்கு வேண்டாம், இதைப் படித்து முடித்ததும் எடுங்கள். வீட்டில் பயணம் போகும் ஒவ்வொருவருடையதையும் எடுத்து வரிசையாக வைத்து நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

காலாவதித் தேதி. பல நாடுகள் நீங்கள் உள்ளே நுழையும் நாளில் இருந்து ஆறு மாதம் செல்லுபடி கேட்கும். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பாவின் 29 ஷெங்கன் நாடுகளின் விதி வேறு: நீங்கள் வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்ல வேண்டும், அதோடு பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். குழந்தைகளின் பாஸ்போர்ட் பெரும்பாலும் பெரியவர்களுடையதைவிடக் குறைந்த காலத்துக்குத்தான் தரப்படும். எல்லோருக்கும் சேர்ந்துதானே எடுத்தோம், சேர்ந்துதானே முடியும் என்று நினைத்துவிடாதீர்கள்.

வெற்றுப் பக்கங்கள். முத்திரை குத்த ஒன்றோ இரண்டோ முழுப் பக்கம் காலியாக இருக்க வேண்டும் என்று கேட்கும் நாடுகள் உண்டு. மூலையில் கொஞ்சம் இடம் இருந்தால் அது கணக்கில் சேராது.

பெயர். எந்தப் பகுதி குடும்பப் பெயர் இடத்தில் இருக்கிறது, எந்தப் பகுதி சொந்தப் பெயர் இடத்தில் இருக்கிறது, இனிஷியல் விரித்து எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். டிக்கெட், விசா, காப்பீடு எல்லாவற்றிலும் அந்தத் தாளைப் பார்த்தே நிரப்புங்கள். மனப்பாடமாகத் தெரிந்த சொந்தப் பெயரில்தான் எழுத்துப்பிழை விழும்.

நிலைமை. தண்ணீர் பட்டு உப்பியதா, தையல் விட்டிருக்கிறதா, புகைப்படப் பக்கத்தில் கீறல் உண்டா? கிழிந்த பாஸ்போர்ட்டை ஏற்க மறுக்கும் உரிமை அதிகாரிக்கு உண்டு.

கவுன்ட்டரில் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்று அன்று எனக்குக் கோபம். பிறகுதான் காரணம் தெரிந்தது. தகுந்த ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனத்துக்குப் பல நாடுகள் அபராதம் போடும், அந்தப் பயணியைத் திருப்பிக் கொண்டுவரும் செலவும் நிறுவனத்தின் தலையில்தான் விழும். அதனால் அவர்கள் டைமேட்டிக் என்ற தகவல் தொகுப்பில் ஒவ்வொரு நாட்டின் விதியையும் பார்த்துவிட்டுத்தான் போர்டிங் பாஸ் தருவார்கள். அங்கே நம் கண்ணீர் எடுபடாது.

புதுப்பிக்க வேண்டுமென்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். இன்னும் எந்தத் தேதியும் நெருக்காத மாதம் இது, அவசரக் கட்டணமும் தேவைப்படாது. புதிய பாஸ்போர்ட்டுக்குப் புதிய எண் வரும் என்பதை மறக்காதீர்கள். பழைய எண்ணைக் கொடுத்து ஏதாவது பதிவு செய்திருந்தால் மாற்றியாக வேண்டும். எந்த முன்பதிவுக்கும் முன்னால் இந்தப் படியை வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

3. பணத்தை மாதக் கணக்கில் ஒதுக்குங்கள்

ஒரு எக்ஸெல் தாள் திறங்கள். நோட்டுப் புத்தகமாக இருந்தாலும் சரி. மொத்தச் செலவை உத்தேசமாகப் போட்டு, கையில் இருக்கும் மாதங்களால் வகுத்து, அந்தத் தொகையைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மொத்தத்தின் மேல் 15 சதவீதம் கூடுதலாக வைப்பது என் வழக்கம். நாணய மாற்று விகிதம் பத்து மாதத்தில் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தாளில் நான்கு பத்திகள் போதும்: கட்டியது, இனி கட்ட வேண்டியது, ரத்து செய்தால் திரும்பக் கிடைப்பது, எந்தத் தேதிக்குள் ரத்து செய்தால் கிடைக்கும் என்பது. நான்காவது பத்தியை எல்லோரும் விட்டுவிடுவார்கள். எனக்கு மிச்சமான பணத்தில் பாதி அந்தப் பத்தியால்தான் மிச்சமானது.

முன்கூட்டியே பணம் கட்டுவதில் வேறொரு சுகமும் இருக்கிறது. ட்ரேசன் ப்ரெலெக், ஜார்ஜ் லோவென்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998-இல் எழுதிய கட்டுரையில் ஒரு வேடிக்கை வருகிறது. துணி துவைக்கும் இயந்திரம் என்றால் வாங்கிய பிறகு தவணையில் கட்டவே பலரும் விரும்பினார்கள். விடுமுறைப் பயணம் என்றாலோ போவதற்கு முன்பே முழுவதையும் கட்டித் தீர்த்துவிட விரும்பினார்கள். கடனை நினைத்துக்கொண்டே கடற்கரையில் படுத்திருக்க யாருக்குத்தான் பிடிக்கும்? கட்டி முடித்து ஆறு மாதமாகிவிட்ட ஹோட்டலில் போய்த் தங்கினால், யாரோ நமக்கு இலவசமாகக் கொடுத்தது போலவே இருக்கிறது. வட்டிக்கு வாங்கிப் போவதானால் இந்த வழிகாட்டியால் உங்களுக்குப் பயன் இல்லை. இன்னும் ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள்.

4. விமான டிக்கெட்

பெரிய விமான நிறுவனங்கள் பலவும் பயண நாளுக்கு ஏறத்தாழ 330 முதல் 360 நாட்களுக்கு முன்பே டிக்கெட் விற்பனையைத் திறந்துவிடும். திறந்த அன்றே வாங்கினால் மலிவு என்று நினைத்து ஒருமுறை ஏமாந்தேன். முதலில் போடும் விலை பல நேரம் நடுத்தரமாகத்தான் இருக்கும், இடையில் இறங்கும், கடைசி வாரங்களில் ஏறும். எப்போது இறங்கும் என்று அடித்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள். கூகுள் ஃபிளைட்ஸ் போன்ற தளங்களில் உங்கள் தேதிக்கு விலை எச்சரிக்கை வைத்துவிட்டு, இரண்டு மாதம் வேடிக்கை பாருங்கள். வழக்கமான விலை எது என்று கண்ணுக்குப் பழகும். அதைவிடத் தெளிவாகக் குறைந்தால் வாங்கிவிடுங்கள். வாங்கிய பிறகு விலை பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். இது மிக முக்கியம், நிம்மதி போய்விடும். ஒரே விதிவிலக்கு: பள்ளி விடுமுறை, பண்டிகை வாரம் என்றால் வேடிக்கை பார்க்க நேரமில்லை, சீக்கிரம் வாங்கிவிடுங்கள்.

கவனிக்க வேண்டிய பொறிகள்:

நள்ளிரவு விமானம். டிக்கெட்டில் 14-ஆம் தேதி 00:40 என்று இருந்தால், 13-ஆம் தேதி இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 14-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றவர் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். நாட்காட்டியில் 'வீட்டிலிருந்து கிளம்பும் நேரம்' என்று தனியாக எழுதிவிடுங்கள்.

தனித்தனி டிக்கெட். இரண்டு நிறுவனங்களில் மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டு டிக்கெட்டாக வாங்கினால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியை இடையில் வெளியே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டி வரலாம். அதற்காக அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தால் விசாவும் தேவைப்படலாம். ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் சில நாடுகளில் விமானம் மாறவே டிரான்சிட் விசா கேட்பார்கள். வாங்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

நேர மாற்றம். பத்து மாதம் முன்பு வாங்கிய டிக்கெட்டில் ஒருமுறையாவது நேரம் மாறும். மின்னஞ்சல் வரும், குப்பைப் பெட்டிக்குள் போகும். மாதத்தின் முதல் ஞாயிறன்று முன்பதிவைத் திறந்து நேரத்தைச் சரிபாருங்கள். பெரிய மாற்றம் என்றால் வேறு விமானமோ பணமோ கேட்க வழி இருக்கும்.

வாங்கியவுடன் தவறு தெரிந்தால் பதறாதீர்கள். அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து வரும் விமானங்களில், பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது நிறுவனத்திடம் நேரடியாக வாங்கியிருந்தால், 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து முழுப் பணத்தையும் பெறலாம். அதை வழங்காத நிறுவனம், பணம் வாங்காமல் அந்த விலையை 24 மணி நேரம் நிறுத்தி வைத்துத் தர வேண்டும். மற்ற இடங்களில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணம் கட்டும் முன் ரத்து விதியைப் படியுங்கள்.

5. தங்குமிடம்

இதில்தான் முன்கூட்டித் திட்டமிடுபவருக்குக் கொண்டாட்டம். இலவச ரத்து உள்ள நல்ல அறையை எட்டு, ஒன்பது மாதம் முன்பே பிடித்து வையுங்கள். விலை குறைந்தால் புதிதாகப் பதிவு செய்துவிட்டு, அது உறுதியான பிறகு பழையதை ரத்து செய்யுங்கள். வரிசையை மாற்றிச் செய்துவிடாதீர்கள். போன பயணத்தில் ஒரே அறையை மூன்று முறை மாற்றிப் பதிந்தேன்.

ரத்துக்கான கடைசித் தேதி பெரும்பாலும் ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படிதான். உங்கள் கடிகாரத்தில் இன்னும் மாலை ஆறு மணியாக இருக்கலாம், அங்கே தேதி மாறியிருக்கும். தாளில் ஒரு நாள் முன்னதாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

6. விசா: பின்னாலிருந்து எண்ணுங்கள்

பயண நாளை எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். ஷெங்கன் விசாவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பயணத்துக்கு அதிகபட்சம் ஆறு மாதம் முன்பு விண்ணப்பிக்கலாம், குறைந்தபட்சம் 15 நாள் முன்பு. முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சிக்கல் இருந்தால் 45 நாள் வரை போகலாம். "சரி, ஒன்றரை மாதம் போதுமே" என்று தோன்றும். போதாது. விண்ணப்பத்தைக் கொடுக்க நேரம் கிடைப்பதுதான் உண்மையான இடுக்கு. கோடை விடுமுறை நெருங்கினால் பல வாரங்களுக்கு ஒரு நாள்கூட காலியாக இருக்காது. ஆறு மாதக் கதவு திறக்கும் நாளை நாட்காட்டியில் சிவப்பில் குறித்து, அந்த வாரமே நேரம் பதிவு செய்யப் பாருங்கள்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். பல நாடுகளுக்குப் போனால், அதிக நாள் தங்கும் நாட்டிடம் கொடுக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. நேரம் சீக்கிரம் கிடைக்கிறது என்று தொடர்பில்லாத நாட்டிடம் கொடுத்தால் மறுப்பு வரலாம். தங்குவதற்கான கணக்கு, எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள். முன்பு போய்வந்த நாட்களும் அதில் சேரும்.

கோப்பில் பொதுவாக இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், அளவுப்படி எடுத்த புகைப்படம், போகவர டிக்கெட் முன்பதிவு, தங்குமிட உறுதி, வங்கிக் கணக்கு விவரம், வேலையில் இருப்பதற்கும் விடுப்பு கிடைத்ததற்கும் கடிதம், பயணக் காப்பீடு. ஷெங்கனுக்குக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். புகைப்பட அளவு நாட்டுக்கு நாடு மாறும். ஷெங்கனுக்கு 35-க்கு 45 மில்லிமீட்டர், அமெரிக்காவுக்கு இரண்டு அங்குலச் சதுரம். வீட்டில் பழைய படம் இருக்கிறதே என்று கொண்டு போகாதீர்கள், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் எடுத்ததுதான் கேட்பார்கள்.

வங்கிக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. விண்ணப்பிக்கும் வாரத்தில் உறவினரிடம் வாங்கிப் பெரிய தொகையைப் போட்டால், அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் முதலில் எழும். மாதாமாதம் சீராகச் சேர்ந்த பணத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. மூன்றாவது படியில் தனிக் கணக்கு தொடங்கச் சொன்னது இங்கேதான் கைகொடுக்கிறது.

இன்னொன்று, யாரும் முன்னரே சொல்ல மாட்டார்கள்: விசா முடிவு வரும்வரை பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்காது. அந்த வாரங்களில் வேறு வெளிநாட்டுப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். விசா கைக்கு வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், தேதிகள், எத்தனை முறை நுழையலாம் என்பதை அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். திருத்த நேரம் இருக்கும்போதுதான் திருத்த முடியும்.

7. காப்பீடு, தடுப்பூசி, ஓட்டுநர் உரிமம்

காப்பீட்டைக் கிளம்பும் வாரத்தில் எடுப்பதால் பாதிப் பலன் வீணாகிறது. பயணமே ரத்தானால் பணம் தரும் பிரிவு உள்ள திட்டங்களில், அந்தப் பாதுகாப்பு பொதுவாக வாங்கிய நாளில் இருந்தே தொடங்கும். முதல் பெரிய தொகையைக் கட்டிய வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோயை மறைக்காதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாடுகளுக்குப் போவதானால், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லும், பழைய மஞ்சள் அட்டை இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி போன்ற ஊசிகளின் வழக்கமான மூன்று தவணை முடிய ஆறு மாதமாகும். மருத்துவரை முன்கூட்டியே பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

அங்கே கார் ஓட்டுவதானால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள். அது 1949, 1968 என இரண்டு உடன்படிக்கைகளின்படி வருகிறது. எல்லா நாடும் இரண்டையும் ஏற்காது. ஜப்பான் 1949-ஐ மட்டும்தான் ஏற்கும். உங்கள் உரிமத்தை வழங்கிய நாட்டில்தான் இதை வாங்க வேண்டும், போய் இறங்கிய பிறகு அங்கே வாங்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

8. 'திறக்கும் நாள்' பட்டியல்

சில இடங்களுக்கு டிக்கெட் எப்போது விற்பனைக்கு வரும் என்பதே ஒரு தனி ஞானம். ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஆன் ஃபிராங்க் இல்லம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரம் தள்ளிவரும் வாரத்துக்கான டிக்கெட்டைத் திறக்கும். டோக்கியோவின் ஜிப்லி அருங்காட்சியகம் மாதத்தின் 10-ஆம் தேதி காலை பத்து மணிக்கு அடுத்த மாத டிக்கெட்டை விற்கும், ஜப்பான் நேரப்படி. மிலானில் டா வின்சி வரைந்த கடைசி விருந்து ஓவியத்தைச் சிறு குழுக்களாக 15 நிமிடம்தான் பார்க்க விடுவார்கள், முன்பதிவு இல்லாமல் வழியே இல்லை.

உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் திறக்கும் நாள், அந்த ஊரின் நேரம், உங்கள் ஊரின் நேரம் மூன்றையும் எழுதுங்கள். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கும் நாடுகளில் இந்த வித்தியாசம் இடையில் மாறும், நான் ஒருமுறை சரியாக ஒரு மணி நேரம் தாமதமாகப் போய், டிக்கெட் தீர்ந்துபோன பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வார விடுமுறையும் பாருங்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். பாரிஸில் உங்களுக்கு இருப்பது ஒரே நாள், அது செவ்வாய் என்றால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

9. காத்திருக்கும் மாதங்களை வீணாக்காதீர்கள்

மேலே சொன்ன லோவென்ஸ்டைன் 1987-இல் மாணவர்களிடம் ஒரு குறும்பான கேள்வி கேட்டார். உங்களுக்குப் பிடித்த நடிகையோ நடிகரோ ஒரு முத்தம் தருவதானால், அதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள்? உடனே கிடைப்பதைவிட மூன்று நாள் கழித்துக் கிடைப்பதற்கு அதிகம் தரத் தயாராக இருந்தார்கள். மின்சார அதிர்ச்சியைப் பற்றிக் கேட்டபோது கதை தலைகீழ். அது வெகுகாலம் தள்ளி வருவதானால், அதைத் தவிர்க்க இன்னும் அதிகம் தரவும் தயாராக இருந்தார்கள். நல்லதை எதிர்பார்ப்பது இனிப்பு, கெட்டதை எதிர்பார்ப்பது வேதனை. ஆவண வேலைகளை முதல் மாதங்களிலேயே முடிக்கச் சொல்வது இதற்காகவும்தான். விசா நிலுவையில் இருக்கும்போது வரைபடம் பார்த்தால் அடிவயிறு இழுக்கும். கைக்கு வந்த பிறகு பார்த்தால் அதே வரைபடம் வேறு மாதிரி இருக்கும்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவு சாப்பிட்டபின் அரை மணி நேரம் 'ஊர் நேரம்'. ஒரு வாரம் மகள் ஏதாவது ஓர் இடத்தைப் பற்றிச் சொல்வாள், அடுத்த வாரம் மனைவி, அடுத்தது நான். அந்த மொழியில் வாரத்துக்கு ஒரு சொல். முதல் சொல் நன்றி, இரண்டாவது 'கழிப்பறை எங்கே'. எட்டு மாதத்தில் முப்பது சொல் சேர்ந்துவிடும், அதற்கு மேல் தேவையும் இல்லை.

ஒருமுறை ரயில் நிலைய வாசலில் இருந்து ஹோட்டல் வரையிலான வழியை, தெருக்களின் படங்களைக் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் மூவரும் 'நடந்து' பார்த்தோம். இரண்டாவது திருப்பத்தில் நீலக் கதவு போட்ட ஒரு கடை, அதன் சுவரில் சாய்த்த ஏணி. ஏணியில் யாரும் இல்லை. யார் ஏறியிருப்பார்கள், எதற்கு என்று ஏழு மாதம் கதை கட்டினோம். நிஜமாகவே அந்தத் திருப்பத்துக்குப் போனபோது இருட்டிவிட்டது, தோளில் பை இழுக்கிறது, எனக்குப் பசி. மகள் நின்றுவிட்டாள். "அப்பா, ஏணி இல்ல." கதவும் பச்சையாகியிருந்தது. அந்தப் பயணத்தில் அருங்காட்சியகங்களைவிட அந்தக் கதவைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். படம் எந்த ஆண்டு எடுத்தது என்று திரை ஓரத்தில் போட்டிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்த்துவிடாதீர்கள். மிக ஆசையாகக் காத்திருக்கும் இடத்தின் காணொளிகளைத் தொடவே கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. திட்டத்திலும் ஒரு நாளைக்கு முன்பதிவு செய்த இடம் ஒன்றுதான். நான்கு நாளுக்கு ஒரு நாள் வெறும் நாள், அதில் எதையும் எழுதக் கூடாது. பத்து மாதம் கையில் இருந்தால் திட்டத்தைத் திணித்துக்கொண்டே போகத் தோன்றும். காலை 8:15, 9:40, 11:05 என்று அட்டவணை போட்ட முதல் பயணத்தில் மூன்றாம் நாளே வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

10. கடைசி மாதம்

இந்த நேரத்தில் செய்ய அதிகம் இருக்கக் கூடாது. நுழைவு விதிகள் மாறியிருக்கின்றனவா என்று அந்த நாட்டின் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒருமுறை பாருங்கள். 'விசா உதவி' என்று மேலே விளம்பரமாக வருகிற தளங்கள் அரசாங்கத்துடையவை அல்ல, இலவசப் படிவத்துக்கும் பணம் பிடுங்குவார்கள். எல்லா ஆவணங்களையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு பையிலும் ஒன்றை வீட்டில் இருக்கும் ஒருவரிடமும் கொடுங்கள். கைபேசியிலும் இணையம் இல்லாமல் திறக்கும்படி சேமித்து வையுங்கள். வெளிநாட்டில் கார்டு வேலை செய்யுமா என்று வங்கியில் கேளுங்கள். அங்கே கடையில் "உங்கள் நாட்டுப் பணத்தில் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி அந்த ஊர் பணத்தையே தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் மோசமான விகிதத்தில் மாற்றிவிடும்.

பெட்டியை ஒப்படைக்கும் முன் திறந்தும் மூடியும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் சர்வதேசப் பயணங்களில், பெட்டி உடைந்து வந்தால் ஏழு நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த நாளில் இருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே அங்குள்ள கவுன்ட்டரில் புகார் எண் வாங்கிவிடுங்கள்.

விடுப்பு கேட்கும்போதே திரும்பி வந்த மறுநாளையும் சேர்த்துக் கேளுங்கள். துவைக்கும் துணி மலைபோல் கிடக்கும், தூக்கம் வேறு நாட்டு நேரத்தில் இருக்கும். அன்று மதியம் எழுந்து காபி போட்டுவிட்டுத் தாளைத் திறந்து உண்மையில் ஆன செலவை உத்தேசத்துக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள், ஒரு வாரம் போனால் பாதி மறந்துவிடும். பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைக்கும் முன் காலாவதித் தேதியில் இருந்து ஒன்பது மாதத்தைக் கழித்து, அந்தத் தேதியை நாட்காட்டியில் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள்.